முள் போகும் வழி

எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று கேட்டால், நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இருப்பது ஒன்றே ஒன்று. வெளி விளிம்பில் தொடங்கி, சுருண்டு சுருண்டு நடுவில் போய் முடிகிற ஒரே பள்ளம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 22 நிமிடம் ஓடும் பக்கம் என்றால் 733 சுற்று. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 470 மீட்டர் வரும். அகலம் மயிரிழை அளவுதான். அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் எங்கே எவ்வளவு நெளிகின்றனவோ, அங்கே அவ்வளவு முள் ஆடும். முள்ளின் ஆட்டம் மின்சாரமாகி, மின்சாரம் காற்றின் அதிர்வானால் மதுரை சோமு பாடுகிறார்.

என் அலமாரியில் இருக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தவைதான்: கச்சேரிகள், திரைப்பாடல்கள், கதை வசனத் தட்டுகள். அவற்றிலிருந்து பிரித்து, ஓரத்தில் தனியாக நிறுத்தி வைத்திருக்கும் சில தட்டுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சேகரிப்பாளர்கள் அரிய தட்டு என்றால் விலை சொல்வார்கள், எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன என்று சொல்வார்கள். எனக்கு அரிய தட்டு என்பது யாரோ ஒருவர் அந்தப் பள்ளத்தை வேறு மாதிரி வெட்டிப் பார்த்த தட்டு, அல்லது பள்ளம் வெட்டக்கூடாத பொருளில் வெட்டிப் பார்த்த தட்டு. ஒலியைப் பற்றிப் புத்தகங்களில் படித்ததைவிட இந்தத் தட்டுகளிடம் நான் கற்றதே அதிகம்.

முதலில் பாத்தே தட்டு. முதல் உலகப் போருக்கு முன் பிரான்சின் பாத்தே நிறுவனம் வெளியிட்டது. நடுவில் காகித லேபிள் கிடையாது. பாடகர் பெயரையும் எண்ணையும் தட்டிலேயே பொறித்து வண்ணம் தடவியிருக்கிறார்கள். முள்ளை நடுவில் வைக்க வேண்டும், அது வெளிநோக்கி நகரும். எஃகு முள் இதற்கு ஆகாது. சிறு உருண்டையாகத் தேய்த்த நீலக்கல்தான் இதன் முள். எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சாதாரண கிராமபோன் தட்டில் பள்ளம் பக்கவாட்டில் நெளியும். இதில் மேடும் பள்ளமுமாக, மேலும் கீழுமாக ஏறி இறங்கும்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய போட்டி இருக்கிறது. 1877-இல் எடிசன் செய்த போனோகிராபில் முள் மேலும் கீழும் ஆடி உருளையில் சுற்றிய தகட்டைக் குத்தியது. பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் உருளையை விட்டுவிட்டுத் தட்டையும், மேல் கீழை விட்டுவிட்டுப் பக்கவாட்டையும் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் கிராமபோன். அன்றிலிருந்து இரண்டு கட்சி. எடிசன் எளிதில் தன் கட்சியை விடவில்லை. 1912-இல் அவரும் தட்டுக்கு மாறினார், ஆனால் வைர முள்ளால் ஓடிய, கால் அங்குலப் பருமனுள்ள அவருடைய தட்டுகளிலும் முள் மேலும் கீழும்தான் ஆடியது. பாத்தே அவர் பக்கம். எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் பெர்லினர் பக்கம். சந்தையில் பெர்லினர் கட்சி வென்றது. அதனால்தான் நம் தாத்தாக்கள் வாங்கிய நாய் மார்க் பிளேட்டுகள் எல்லாம் பக்கவாட்டில் நெளிகின்றன.

ஆனால் தோற்ற கட்சி ஒழிந்துவிடவில்லை. 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற இளம் பொறியாளர் ஸ்டீரியோவுக்கு ஒரு காப்புரிமை விண்ணப்பம் எழுதினார். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி ஒலி வேண்டும், பள்ளமோ ஒன்றுதான். அவர் கண்ட வழி இது: பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கட்டும், ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது ஒலி. இரண்டு பக்கமும் ஒரே ஒலி வந்தால் முள் பக்கவாட்டில் ஆடும். இரண்டும் வேறுபடும் அளவுக்கு முள் மேலும் கீழும் ஆடும். நடுவில் நின்று பாடுபவர் பெர்லினரின் ஆட்டத்தில் கேட்கிறார். பாடகரின் இரு பக்கமும் விரியும் இடைவெளி எடிசனின் ஆட்டத்தில் கேட்கிறது. அரை நூற்றாண்டுச் சண்டை ஒரே பள்ளத்துக்குள் சமாதானமானது. கடைகளுக்கு ஸ்டீரியோ தட்டு வர 1950களின் கடைசி வரை ஆனது. புளூம்லைன் அதைப் பார்க்கவில்லை. 1942-இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்தே தட்டின் மீது ஸ்டீரியோ முள்ளை வைத்து, இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கூட்டினால் பாட்டு ஏறக்குறைய மறைந்துபோகும், இரைச்சல்தான் கேட்கும். ஒரு பக்கத்துக் கம்பிகளை மாற்றி இணைத்தால், அதாவது கூட்டுவதற்குப் பதில் கழித்தால், இரைச்சல் அடங்கி நூறு ஆண்டுகளுக்கு முந்தைய குரல் எழுந்து வரும். கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் காதால் கேட்பது போன்ற அனுபவம் அது. வீட்டுக்கு வருகிற மாணவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான்.

பாத்தே தட்டு நடுவில் தொடங்குவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள்ளுக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றல்ல. எல்.பி.யின் விளிம்பில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் முள்ளைக் கடக்கிறது. கடைசிச் சுற்றுகளில் 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒலியலை ஒன்றுக்கு விளிம்பில் 51 மைக்ரான் இடம் கிடைக்கும். நடுவில் 21 மைக்ரான். அலைகள் நெருக்கியடித்து உட்கார, முள்ளின் நுனிக்கு அவற்றுக்குள் நுழைய இடம் போதாமல் போகிறது. எல்.பி.யின் கடைசிப் பாட்டில் ‘ஸ’வும் ‘ச’வும் சீறுவதை உன்னிப்பாகக் கேட்பவர்கள் கவனித்திருப்பார்கள். இதை அறிந்த தயாரிப்பாளர்கள் பரபரப்பான பாட்டை முதலிலும் மெல்லிய பாட்டைக் கடைசியிலும் வைப்பது உண்டு.

ஆனால் ராவெலின் ‘பொலேரோ’ போன்ற இசையை என்ன செய்வது? காதில் விழுமோ விழாதோ என்று தொடங்கி, கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போய், இசைக்குழு முழுவதும் முழங்க முடிவது அது. முழக்கம் வரும்போது முள் மோசமான இடத்தில் இருக்கும். ஜெர்மனியின் டாசெட் நிறுவனம் இதற்கு பாத்தேயின் பழைய வழியையே எடுத்தது. நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும்படி வெட்டி, பெயரையும் திருப்பி ‘ஒரெலொப்’ என்று வெளியிட்டது. இசையின் முழக்கமும் பள்ளத்தின் வேகமும் சேர்ந்து ஏறுகின்றன. அந்தக் கடைசி நிமிடத்தைக் கேட்ட பிறகு மற்ற பதிப்புகளில் ஏதோ ஒன்று நசுங்கிக் கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

33⅓ என்ற விநோத எண்ணும் இப்படி நடுவிலிருந்து ஓடிய தட்டுகளிலிருந்துதான் வந்தது. பேசும் படங்களின் தொடக்கத்தில், 1926 முதல், வைட்டாபோன் முறையில் படத்தின் ஒலி 16 அங்குலத் தட்டில் தனியாக இருந்தது. ஒரு ரீல் படம் 11 நிமிடம் ஓடும். தட்டும் அதுவரை தாங்க வேண்டும். அன்று வழக்கிலிருந்த 78 சுற்று வேகத்தில் அது முடியாது. வேகத்தைக் குறைத்து 33⅓ ஆக்கினார்கள். 1948-இல் கொலம்பியா எல்.பி.யைக் கொண்டுவந்தபோது அந்த வேகம் தயாராகக் காத்திருந்தது.

ஒரு பக்கத்தில் ஒரே பள்ளம் என்றேன். ஒன்றுக்கு மேலும் போடலாம் என்று 1901 வாக்கிலேயே கிராமபோன் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ஒன்றையொன்று தொடாமல் இரண்டு சுருள்களை அருகருகே ஓடவிட்ட ‘புதிர்த் தட்டு’களை அது விற்றது. முள் எந்தச் சுருளில் விழுகிறதோ அந்தப் பாட்டு. பிற்பாடு குதிரைப் பந்தயத் தட்டுகள் வந்தன. வர்ணனை ஒரே மாதிரி தொடங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் வேறு குதிரை வெல்லும். வீட்டில் உட்கார்ந்தே பந்தயம் கட்டலாம். இந்த வகையில் என்னிடம் இருப்பது மான்ட்டி பைத்தான் குழுவினர் 1973-இல் வெளியிட்ட நகைச்சுவைத் தட்டு. ஒரு பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் இருப்பதை அவர்கள் உறையில் சொல்லவில்லை. இரண்டு பக்கத்திலும் ‘இரண்டாம் பக்கம்’ என்றே லேபிள். கேட்டுப் பழகிய பக்கத்தில் ஒரு நாள் திடீரென்று கேட்டேயிராத காட்சி வரும். அதை வெட்டிய ஜார்ஜ் பெக்கம் தன் தட்டுகளின் நடு ஓரத்தில் கையெழுத்தாகச் சில சொற்களைக் கீறிவைக்கும் வழக்கமுள்ளவர். சேகரிப்பாளர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அதைத் தேடுகிறார்கள்.

பள்ளத்தை முடிவில்லாமலும் ஆக்கலாம். சுருளைச் சுருளாக விடாமல் தன் தொடக்கத்திலேயே போய்ச் சேரும் வட்டமாக்கினால், யாராவது கையை வைத்து எடுக்கும் வரை முள் அங்கேயே சுற்றும். பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ எல்.பி.யின் 1967 பிரிட்டிஷ் பதிப்பு அப்படித்தான் முடிகிறது. கடைசி வட்டத்தில் குழறல் பேச்சு ஓயாமல் ஓடும். 33⅓ வேகத்தில் ஒரு வட்டத்துக்கு 1.8 விநாடி. அதில் நான்கு அடி தாளம் சரியாகப் பொருந்த வேண்டுமானால் நிமிடத்துக்கு 133⅓ அடி. மேலைநாட்டு நடன இசையில் இந்தக் கணக்குக்கு இசைந்தே பாட்டுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 1948-இல், பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் ரயில் ஓசைகளைத் தட்டில் வெட்டி, இப்படிப் பூட்டிய பள்ளங்களைச் சுற்றவிட்டு ஓர் இசைப் படைப்பு செய்தார். ஒரே துண்டு ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் அது எதனுடைய ஓசை என்பதை மனம் மறந்து, அதன் தாளத்தையும் நிறத்தையும் மட்டும் கவனிக்கத் தொடங்குகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று கணினியில் ஒலித்துண்டுகளைச் சுழலவிட்டுப் பாட்டமைக்கும் எல்லாரும் அந்தப் பள்ளத்தின் வாரிசுகள்.

இந்த வித்தைகள் அத்தனையையும் ஒரே தட்டில் பார்க்க விரும்புவோர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் ‘லாசரெட்டோ’ எல்.பி.யைத் தேடலாம். 2014-இல் வந்தது. ஒரு பக்கம் நடுவிலிருந்து ஓடும். மறுபக்கத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு தொடக்கங்கள் இரட்டைப் பள்ளத்தில் இருக்கும். காகித லேபிளுக்கு அடியிலும் பள்ளம் வெட்டி, ஒன்றை 78 வேகத்திலும் மற்றொன்றை 45 வேகத்திலும் ஓட வைத்திருக்கிறார்கள். விளக்கை நேராகப் பிடித்தால், சுழலும் தட்டின் மேல் ஒரு தேவதையின் உருவம் மிதக்கிறது. கையால் கீறிய ஹோலோகிராம் அது.

இனி பொருளுக்கு வருகிறேன். 78 தட்டை நாம் பிளாஸ்டிக் என்று நினைத்துவிடுகிறோம். அது பூச்சி தந்தது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்தால் அவலரக்கு. அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, மீதி பெரும்பாலும் பொடித்த கல், கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்புக்குக் கரித்தூள். இதுதான் தட்டு. கல்பொடி வீணுக்குச் சேர்த்ததல்ல. கனமான எஃகு முள்ளை முதல் சில சுற்றுகளிலேயே பள்ளத்தின் வடிவுக்குத் தேய்ப்பது அதுதான். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு முள் மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த ஓயாத கரகரப்பும். அரக்கில் பெரும்பங்கு இன்றைய ஜார்க்கண்டிலும் அதை ஒட்டியும் உள்ள காடுகளிலிருந்து போனது. இத்தாலியப் பாடகர் கரூசோ பாடியதும் நியூயார்க்கில் ஜாஸ் வாசித்ததும் நம் காட்டுப் பூச்சியின் பிசினில் பதிந்துதான் உலகம் சுற்றின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரக்கு கிடைக்காமல் போனபோது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள்.

மேற்கு 78-ஐக் கைவிட்ட பிறகும் கல்கத்தாவின் டம்டம் ஆலை அதை விடவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் உலகில் மிக அரிதான ஒரு பொருள் இங்கே பிறந்தது. 1960களின் பாதி வரை டம்டம்மில் அழுத்திய பீட்டில்ஸின் 78 தட்டுகள்தான் அவை. அவற்றைக் காண வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள்.

அரக்கும் வினைலும் இல்லாதபோது மனிதர்கள் வேறு எதிலெல்லாம் பள்ளம் வெட்டினார்கள் என்பது தனிக் கதை. 1903 வாக்கில் ஜெர்மனியில் ஷ்டோல்வெர்க் நிறுவனம் சாக்லேட்டில் தட்டு செய்தது. கேட்டுவிட்டுத் தின்னலாம். பூட்டான் 1970களின் தொடக்கத்தில் தபால் தலையையே தட்டாக்கியது. பின்புறம் பசை, முன்புறம் பள்ளம். முள்ளை வைத்தால் நாட்டுப்பண் கேட்கும். நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் 1979 ஜனவரியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அழுத்திய தட்டு ஒன்றை இதழோடு இணைத்து அனுப்பியது. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டு அதில் இருந்தது. ஒரு கோடியே ஐந்து லட்சம் பிரதிகள். எந்தப் பாடகருக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு பெரிய அழுத்தம் அதுவரை நடந்ததில்லை. என்னிடம் உள்ள பிரதி இரண்டு இடத்தில் மடங்கியிருக்கிறது. ஆனாலும் அந்த நீண்ட முனகல் அறையை நிறைக்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது.

இந்த வரிசையில் என்னை உலுக்குவது எலும்புத் தட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டில் ஜாஸ், ராக் அண்டு ரோல், நாடுகடந்த ரஷ்யப் பாடகர்களின் பாட்டு எல்லாம் தடைப்பட்டிருந்தன. வினைல் கிடைக்காது. மருத்துவமனைகள் கழித்துக்கட்டிய எக்ஸ்ரே படங்கள் கிடைத்தன. லெனின்கிராடில் சிலர் தாங்களே வெட்டுகருவி செய்து, எக்ஸ்ரே தாளை வட்டமாக நறுக்கி, நடுவில் சிகரெட்டால் துளை சுட்டு, ஒவ்வொன்றாக வெட்டி ரகசியமாக விற்றார்கள். அவர்களில் முன்னோடியான ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி இதற்காகப் பலமுறை சிறை சென்றார். வெளியே வந்து மறுபடியும் வெட்டினார். சில முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும் தட்டு அது. விளக்கில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்புகள் மேல் பள்ளம் சுழல்கிறது. பாட்டுக் கேட்பதற்காகச் சிறைக்குப் போகத் துணிந்த மனிதர்களை எண்ணிப் பார்க்காமல் அதைக் கையில் எடுக்க என்னால் முடிவதில்லை.

நம் பக்கத்துத் தட்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதைக் கேட்கலாம். மூலப் பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அங்கே தட்டாகும். பாடியது யார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே. 1925 வரை மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய கொம்புக்குள் பாட, குரலின் விசையே முள்ளை அசைத்து மெழுகைச் செதுக்கியது. இடையில் எந்த மின்சாரமும் இல்லை. அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்துப் பாடியவர்களுக்கு அது வாய்ப்பு. வீணைக்கு அது சோதனை. மைக் வந்த பிறகு, 1930களில் வீணை தனம்மாள் வாசித்த தட்டுகள் இன்று நமக்கு இருக்கின்றன. அவருடைய வாசிப்பு அத்தனை மென்மையானது என்று கேட்டவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கொம்பின் காலத்தோடு அவர் காலம் முடிந்திருந்தால் அந்த மென்மை நமக்குச் சொல்லாக மட்டுமே வந்திருக்கும்.

வேகம் இன்னொரு சிக்கல். 78 என்று பொதுவாகச் சொன்னாலும், பழைய தட்டுகள் 70-லிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவானவை. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், தாளமும் விரையும். 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் பாடகர் தாம் பாடாத சுருதியில் பாடுவார். அந்தக் காலத்தில் எல்லாரும் உச்ச சுருதியில் பாடினார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுழலும் வேகத்தைச் சரிபார்க்க ஓர் அழகான உத்தி உண்டு. வட்டத் தாளில் 77 கறுப்புப் பட்டைகளைச் சம இடைவெளியில் வரைந்து தட்டின் மேல் வைத்து, நம் ஊர் மின்சாரத்தில் எரியும் பழைய குழல்விளக்கைப் போட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. தட்டு நிமிடத்துக்கு 77.92 சுற்று ஓடினால் ஒவ்வொரு மினுக்கத்துக்கும் ஒரு பட்டை நகர்ந்து அடுத்ததன் இடத்தில் நிற்கும். கண்ணுக்கு அத்தனையும் அசையாமல் நிற்பதாகத் தெரியும்.

நம் பழைய தட்டுகளின் குரல்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்குப் பாடகி கோயம்புத்தூர் தாயியின் பயணம் ஒன்று போதும். ராவெலின் மாணவரான மொரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912 வாக்கில் இந்தியா வந்தார். தாயியின் தட்டுகளில் மயங்கினார். ‘ராகமாலிகா’ என்று ஒரு தமிழ்ப் பாட்டை மேலைக் குரலுக்கும் பியானோவுக்கும் எழுதினார்; அது தாயியின் தட்டைப் பெருமளவு ஒட்டியே போகிறது. அதில் நம் தாளக் கருவியின் ஓசை வேண்டும் என்பதற்காக, பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். தந்தியின் நீண்ட ரீங்காரம் அறுந்து, தோலில் விழுந்த அடிபோல் ஒலி சட்டென்று அடங்குகிறது. பியானோவுக்குள் பொருள்களைச் செருகி அதன் குரலை மாற்றுவது பின்னாளில் மேலை இசையில் ஒரு பெரிய வழியாக விரிந்தது. அதன் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். மூன்று நிமிடத் தட்டு ஒன்று ஒரு பியானோவைத் திறந்து பார்க்க வைத்திருக்கிறது. தாயியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

எல்லாவற்றிலும் அரிய தட்டு என்னிடம் இல்லை, பூமியிலேயே இல்லை. 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்கம் பூசிய செம்புத் தட்டு ஒவ்வொன்று போயிருக்கிறது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. ஒரு சுற்றுக்கு 3.6 விநாடி. இசை, வாழ்த்துரைகள், இயற்கை ஓசைகள், படங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன. கூடவே முள்ளும், ஓட்டும் முறையைக் காட்டும் வரைபடமும் வைத்திருக்கிறார்கள். மேலுறையில் தூய யுரேனியம்-238 பூசியிருக்கிறது. 450 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும் பொருள் அது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் தட்டின் வயது தெரியும். 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. இந்திய இசைக்காகக் கேசர்பாய் கேர்கர் பைரவியில் பாடிய மூன்றரை நிமிடம் சேர்ந்தது. தட்டுக்கான இசையைத் தேடிய ஆன் ட்ரூயன் அந்தப் பாட்டை நியூயார்க்கில் ஓர் இந்தியக் குடும்பத்தின் கடையில், மேசைக்கு அடியில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தார். விலைபோகாமல் கிடந்த தட்டின் பாட்டு இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

பள்ளத்தைப் படிக்க முள்தான் வேண்டும் என்பதும் இல்லை. பிலடெல்பியாவில் ஆர்தர் லின்ட்ஜன் என்ற மருத்துவர், லேபிளை மறைத்துவிட்டுத் தட்டை நீட்டினால் வெறும் கண்ணால் பார்த்தே மேலைச் செவ்வியல் இசையில் இது இன்ன படைப்பு என்று சொல்வார். 1982-இல் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அவரைச் சோதித்து உண்மை என்று ஒப்புக்கொண்டார். உரத்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒளியை வேறுவேறாகத் திருப்புகின்றன. இசையின் நீளங்களும் ஏற்ற இறக்கங்களும் மனப்பாடமாக உள்ளவருக்கு அது போதும். இதையே நுண்ணோக்கிக் கேமராவால் செய்கிறது கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு உருவாக்கிய முறை. உடைந்த தட்டின் துண்டுகளையும் தொடாமல் படமெடுத்து, நெளிவுகளைக் கணினியால் ஒலியாக்கிவிடலாம். எடிசனுக்கும் முன்பு, 1860 ஏப்ரலில், பிரெஞ்சுக்காரரான ஸ்காட் தெ மார்த்தன்வில் புகைக்கரி பூசிய தாளில் தன் குரலைக் கோடாக வரைந்து வைத்தார். திரும்பக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. 2008-இல் அந்தக் கோடு பாடியது. முதலில் ஒரு சிறுமியின் குரலாகக் கேட்டது. தாளில் கூடவே வரைந்திருந்த இசைக்கவையின் அதிர்வை அந்தக் காலப் பிரெஞ்சுக்காரர்கள் நாம் எண்ணுவதில் இரட்டிப்பாக எண்ணினார்கள் என்பது அடுத்த ஆண்டு தெளிந்தது. வேகத்தைப் பாதியாக்கினார்கள். மெல்ல, தடுமாறிப் பாடும் ஓர் ஆண் குரல் வந்தது. ஸ்காட்டே பாடியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்ப் பெரியவர் வீட்டிலோ தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். எல்.பி. முள் 78-இன் அகலப் பள்ளத்தில் அடியில் போய் உரசும். அதற்குரிய பருத்த முள் தனியாகக் கிடைக்கிறது. லேபிளையும், லேபிளை ஒட்டிக் கீறியிருக்கும் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவான காலத்தையும் இடத்தையும் அந்த எண்ணிலிருந்தே ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். லேபிளில் அச்சு எதுவும் இல்லாமல் கையால் எழுதியிருந்து, விளிம்பில் அலுமினியம் தெரிந்தால் அதை முதலில் கவனியுங்கள். அது யாரோ நேராக வெட்டிய ஒற்றைப் பிரதி. அதன் மேற்பூச்சு தானாகவே வெடித்து உரியும் இயல்புள்ளது. அதை ஓட்டிப் பார்க்காமல், தட்டுகளைக் கணினியில் பதிவு செய்து தரத் தெரிந்தவரிடம் இந்த ஆண்டே கொண்டுபோய்க் கொடுங்கள்.